ஜமீல் கடையில் தூங்கும் விதைகள்

குன்னூர்,
6.1.2025

அன்புள்ள குழலிக்கு,

நலம். பொங்கலுக்கு லீவு இல்லை, கோபிக்காதே. டெல்பினியம் விதை அனுப்பியிருக்கிறேன். நீலப் பூ, வைத்தால் வருஷா வருஷம் பூக்கும். ஆனால் குளிரில் தூங்கி எழுந்தால்தான் முளைக்கும். ஈர மணலில் கலந்து, டப்பாவில் மூடி, நம் பிரிட்ஜில் வை. ஐஸ் பெட்டியில் வைக்காதே. மாசி பிறந்ததும் விதைக்கலாம். நான் வேலை பார்க்கும் செடி நர்சரியில் பிரான்சி சொல்லிக்கொடுத்தாள். கெட்டிக்காரி.

ராஜ்மோகன்

ஸ்ரீரங்கம்,
11.1.2025

என் வீட்டுக்காரருக்குக் குழலி எழுதுவது.

போனில் சண்டை போட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை வைக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

பிரான்சி சௌக்கியமா? போன கடிதத்தில் பிரான்சி கேக், இதில் பிரான்சி மணல். அந்தம்மாவுக்குக் குளிருமே, நான் வாங்கித் தந்த ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டீர்களா? கோயில் வாசலில் இத்தனை காலம் பூக்கட்டுகிறேன், எந்த மல்லியும் என்னிடம் பிரிட்ஜ் கேட்டதில்லை.

நம் பிரிட்ஜ் ஆடியிலேயே செத்துவிட்டது. சொன்னேன், "ம்" என்றீர்கள். தீபாவளிக்கு வந்திருந்தால் கண்ணால் பார்த்திருக்கலாம். இப்போது அதில் என் புடவைகள் இருக்கின்றன. விதையைப் புது ஜூஸ் கடை ஜமீல் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். "விதை தூங்குதுங்க, நீங்க உட்காருங்க" என்று நன்னாரி சர்பத் கொடுக்கிறார். நல்ல மனுஷர்.

மட்டுவார்குழலி

குன்னூர்,
18.1.2025

குழலி,

எந்த ஜமீல்? நான் இருந்தபோது அப்படி யாரும் கிடையாதே. வயசு என்ன? விதையைத் தினமும் திறந்து பார்க்கக் கூடாது. சர்பத் உனக்குச் சளி பிடிக்கும்.

பிரான்சிக்குப் பேரன் இருக்கிறான், சொல்ல மறந்துவிட்டேன். ஸ்வெட்டர் என் உடம்பில்தான் இருக்கிறது.

ராஜ்மோகன்

ஸ்ரீரங்கம்,
23.1.2025

என் வீட்டுக்காரருக்கு,

வயசைக் கேட்டேன், சிரிக்கிறார். பல்வரிசை அழகு. பேரன் இருந்தால் என்ன, பாட்டிகள் கேக் செய்யமாட்டார்களா? விதையைத் தினமும் பார்த்தால் ஆகாதாம். பொண்டாட்டியைப் பார்க்காமலே விட்டால் ஆகுமா?

குழலி

குன்னூர்,
29.1.2025

குழலி,

லீவு கேட்டுவிட்டேன். மாசி பிறந்ததும் வருகிறேன், புது பிரிட்ஜ் வாங்கிவிடலாம். டப்பாவை அந்தக் கடையிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடு.

ராஜ்மோகன்

ஸ்ரீரங்கம்,
5.2.2025

என் வீட்டுக்காரருக்கு,

பிரிட்ஜ் வேண்டாம். டப்பாவுக்குள்ளேயே முளை விட்டுவிட்டது. ஜமீலின் மனைவிதான் முதலில் பார்த்தார். அவருக்கு மனைவி உண்டு, சொல்ல மறந்துவிட்டேன்.

நாலு முளையை எடுத்துத் தொட்டியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் சுருண்டுவிட்டன. மார்கழியிலேயே பங்குனி வெயில் அடிக்கிற ஊரில், உங்கள் நீலப் பூ எப்படிப் பிழைக்கும்? அது மேலேதான் இருக்கவேண்டும். நீங்களும் மேலேதான் இருக்கிறீர்கள். கீழே நான் மட்டும் யாருக்குக் காவல்?

பூக்கூடையை, பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் சகாயராணியிடம் ஒப்படைத்துவிட்டேன். மீதி முளைகளை டப்பாவோடு, சுற்றி ஐஸ் வைத்து ஜமீல் கட்டிக் கொடுக்கிறார். ஞாயிறு ராத்திரி குன்னூர் பஸ்.

பிரான்சியிடம் சொல்லிவையுங்கள். அந்தச் செடியை என் கையால்தான் நடுவேன், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். ஸ்வெட்டரைத் துவைத்து வையுங்கள், எனக்குக் குளிரும்.

திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

உங்கள் குழலி