ஐயா காணாமல் விட்ட யப்பான்காரர்

என்ரை ஐயாவுக்கு,

மேலே போயும் மழை வெயில் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். இங்கே மொன்ட்ரியால்-நோரில் பனி முழங்கால் மட்டும் கொட்டிக் கிடக்கிறது. பல்கனியில் நீங்கள் சாய்ந்து உட்காரும் கதிரையை இன்னும் உள்ளே எடுக்கவில்லை. மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் ஒரு கிழமை. அன்று சனத்துக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், கல்வெட்டு, அச்சுக்குப் போக வேண்டும் என்று அண்ணை தலைகீழாக நிற்கிறார். உங்கள் வரலாற்றை யாரோ ஒரு புலவரைக் கொண்டு பாட்டாக எழுதுவித்திருக்கிறார். அதில் நீங்கள் பர்மாவில் பகைவரைப் புறங்கண்ட சிங்கம். வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பட்டாளத்தில் தந்த துவக்கைத் துடைத்ததைத் தவிர அதனால் ஒரு வேலையும் செய்யவில்லை என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்களே!

பிரிட்டிஷ் பட்டாளத்தில் உங்கள் வேலை, ஆற்றங்கரையில் படுத்திருந்து அக்கரையைப் பார்ப்பது. மழையா, சேறு எவ்வளவு, யப்பான்காரன் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பின்னேரத்தில் வயர்லெஸ்ஸில் சொல்வது. அந்தப் பழக்கம் கடைசிவரை உங்களை விடவில்லை. ரேடியோவில் ஊர்ச் சண்டைச் செய்தி கேட்டுவிட்டு, "எத்தினை பேர் செத்தது எண்டு சொல்லுறாங்கள், அங்கை மழையோ வெயிலோ எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை" என்று எரிந்து விழுவீர்கள்.

போன மாரியில் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்க, கேட்காமலே அந்தக் கதையைச் சொன்னீர்கள். ஒரு பின்னேரம் யப்பான்காரர் சிலர் தண்ணீர் குடிக்க ஆற்றுக்கு வந்தார்கள். எலும்பும் தோலுமான பெடியள். காய்ச்சல்காரன் ஒருவனை முதுகில் சுமந்திருந்தார்கள். நீங்கள் வயர்லெஸ்ஸில் நடமாட்டம் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். மறுநாள் விடிய அக்கரையிலிருந்து வந்த குண்டில் உங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்த மலையாளி செத்துப்போனார். சுட்டது அந்தப் பெடியளா, வேறு யாராவதா? உங்களுக்கே தெரியாது.

"கல்வெட்டிலை என்னை வீரன் எண்டு போட விடாதை பிள்ளை. இதைப் போடு" என்றீர்கள். எனக்கு ஏன் ஐயா இந்தப் பாரம்?

நேற்று அண்ணையோடு காரில் போகும்போது இதைச் சொன்னேன். காரைத் தெருக்கரையில் நிறுத்திவிட்டார். எனக்கு விசரா என்று கேட்டார். காட்டிக் குடுத்தவன்ரை பிள்ளைகள் என்று சனம் கதைக்கும் என்றார். நானும் விட்டேனா, வாய்க்கு வாய் கதைத்தேன். பிறகு அண்ணை கேட்டார்.

"ஐயா ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? தலைமயிர் வெட்ட, டொக்டரிட்டை, எல்லாத்துக்கும் நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். எனக்கு உங்களில்தான் கோபம் வந்தது. இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

பாட்டை எடுத்துவிட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் கல்வெட்டில் மகளின் புலம்பலுக்கென்று ஒரு பக்கம் விடுவது வழக்கம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். அச்சில் வராவிட்டால் அந்தியேட்டி அன்று, சனம் சாப்பிட இருக்க முதல், எழும்பி நின்று வாசிப்பேன். அந்த மலையாளியின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

அன்று உங்களுக்குப் படைக்கும்போது, பக்கத்தில் அவருக்கும் ஓர் இலை போடுவேன். அண்ணை என்ன சொன்னாலும் போடுவேன், ஐயா.

உங்கள் கோபக்கார மகள்,
கடைக்குட்டி