குணவதியின் நாற்காலி

என் மாமாவுக்கு, உங்கள் மனைவி செண்பகம் கும்பிட்டு எழுதுவது. உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாளா?

நான் நலம். கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பயப்படாதீர்கள், நீர் கோத்துக்கொண்டதுதான். இங்கே தேக்கா கடைத்தெருவில், எங்கள் புடவைக் கடையில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் உட்காரக் கூடாது. பத்து மணி நேரம் நின்றால், கணுக்காலில் விரலால் அமுக்கிய இடம் குழியாகவே நிற்கிறது. அதைக் காட்டியதற்கு மேனேஜர் குணவதி, "தின்னு தின்னு கால் கொழுத்துப்போச்சு, நடிக்காத லா" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்து, கஸ்டமர் முன்னாலேயே சிரித்தார்.

டாக்டரிடம் போனேன். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவாம். உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று கடிதம் கொடுத்தார். நேரே முதலாளியிடம் நீட்டினேன். கடையில் இருப்பது ஒரே நாற்காலி, குணவதியுடையது.

"அதை இவங்களுக்குக் குடுத்திடுங்க" என்றார் முதலாளி.

இரண்டு வாரமாக நான் உட்கார்ந்து பில் போடுகிறேன், குணவதி நிற்கிறார். இன்னொரு நாற்காலி வாங்கட்டுமா என்று முதலாளி கேட்டார். எனக்கு இது போதும் என்றேன்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் ஊறுகாய் வேண்டாம். வாசம் பிடிக்க ஒரு சின்ன டப்பா மட்டும் அனுப்புங்கள். உங்கள் பழைய செருப்பையும் அனுப்புங்கள், என்னுடையதில் கால் இன்னும் நுழையவில்லை.

கடை திறக்கிறார்கள், முடிக்கிறேன். நேற்று குணவதி செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் காலில் அப்படியே நின்றது. இன்றைய முதல் கஸ்டமர் வரட்டும். "தின்னு தின்னு கொழுத்துப்போச்சாக்கா?" என்று கேட்கப் போகிறேன்.

செண்பகம்