சம்பளம் கேட்காத டீச்சர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத வேண்டும், ஐந்தாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை அதுதான், ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. உன் தங்கை சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கல்வி அலுவலக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிற டீச்சர்களோடு உண்ணாவிரதம் இருக்கிறாள். போனில் சொன்னால் நான் அழுவேன், நீ அழாதேம்மா அழாதேம்மா என்றே நேரத்தை முடித்துவிடுவாய், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்துவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார். கிடங்கு வேலை முடிந்து வந்ததும் படி, படித்துவிட்டு அசதியாக இருக்கிறதென்று தூங்கப் போய்விடாதே.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்கே தெரியும், பள்ளிக்கூடம் நம் வீட்டுக்கு எதிரே, கதவைத் திறந்தால் அதன் கேட் தெரியும். காவலாளி வேலைக்குப் பணம் இல்லை என்று அந்த ஆளை நிறுத்திய நாளிலிருந்து சாவி நம் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகோடு முதுகு உட்கார்ந்திருக்கின்றன, இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கம் வாய்ப்பாடு, நடுவில் கூரை ஒழுகுகிற தண்ணீருக்கு ஒரு வாளி. சாக்பீஸ் வாங்குவது உன் தங்கை, வண்ணத்தாள் வாங்குவது உன் தங்கை, மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக் கைக்குட்டை வாங்குவதும் அவள்தான். வாடகைக்குக் கால் முளைத்து ஓடுகிறது, அவள் சம்பளம் நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறது. அடுத்த வருஷம் நிரந்தரம் பண்ணிவிடுவோம் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள், அந்த அடுத்த வருஷம் எந்த ஊர் வழியாக வருகிறதோ தெரியவில்லை. சம்பளத்தை உயர்த்து, பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கு என்று டீச்சர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தபோது நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தலில் கட்டியிருக்கிற பேனரே என் மெஷினில் தைத்ததுதான். ஓரம் மடித்து, கயிறு நுழைக்கக் காது வைத்து, காற்றில் கிழியாதபடி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். பந்தலில் இருக்கிற கணக்கு டீச்சர்கூட, அம்மான்னா இப்படி இருக்கணும் என்று உன் தங்கையிடம் சொன்னாளாம். இப்போது அவள்தான் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வேலைநிறுத்தம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஆலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை எங்கே விடுவார்கள், தெருவில்தான் விட்டார்கள். ஒரு நாள் தண்ணீர் லாரி பின்னால் வந்து நம் வாலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. உன் தங்கை பெற்ற அந்த வாலு லாரியைப் பார்த்து, கண்ணு தெரியலையா என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாளே சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தேன். நிழலில் பத்திரமாக உட்காரட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன், சத்தியமாக அவ்வளவுதான். உன் தங்கை காலையில் பந்தலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள், அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று வாலுக்கு மிட்டாய் கொடுத்து வாயை அடைத்தேன், அப்போதே என் மனசுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது பார். பிள்ளைகளை உட்கார வைத்தாயிற்று, நாற்காலி சும்மா இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்பது, உட்கார்ந்தேன். உட்கார்ந்ததில்தான் வினை. அத்தனை முகமும் என்னையே பார்க்கிறது. டீச்சர், தண்ணி குடிக்கப் போகட்டுமா என்று ஒரு குட்டி எழுந்து கேட்கிறது. என்னை, டீச்சர் என்று! உன் தாத்தா ஐந்தாவதோடு போதும் என்று என் புத்தகத்தை எடுத்துப் பரணில் போட்டவர், அவர் இருந்து பார்க்கவில்லையே என்று இருந்தது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்துக்கொள், பெருமைதான்.

அடுத்த நாளும் திறந்தேன், அதற்கடுத்த நாளும் திறந்தேன். எப்படித் தெரிந்ததோ, கல்வி அலுவலக அதிகாரி ஒருவர் பத்திரிகைக்காரரோடு வந்து நின்றார். அஞ்சாவது படிச்ச நீங்களே இவ்வளவு அழகா நடத்துறீங்களே பாட்டிம்மா என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும், ஐயா இது பாடம் இல்லை, பிள்ளைகளைக் காவல் காக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கரும்பலகை பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றேன். படம் பத்திரிகையில் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், சம்பளம் கேட்காத டீச்சர் என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தேன், என் படத்தைப் பார்த்தேன், கீழே இருந்த பொடி எழுத்தை யார் படித்தது, மளிகைக்கடையிலும் அயர்ன் கடையிலும் காட்டிவிட்டு வந்து மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். உனக்கு அனுப்ப ஒன்று தனியாக எடுத்தும் வைத்தேன்.

சாயங்காலம் உன் தங்கை வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. சுவர் பக்கம் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு வைப்பது போலப் பொடி எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, படிம்மா, சத்தமா படி என்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்தாம் வகுப்பு படித்த மூதாட்டி ஒருவர் பைசா வாங்காமல் செய்யும் வேலைக்கு இவர்கள் சம்பள உயர்வு கேட்பது நியாயமா என்று அந்த அதிகாரி கேட்டதாக இருந்தது. பள்ளி இயல்பாக நடப்பதால் கோரிக்கையைப் பரிசீலிக்கத் தேவையில்லை என்றும் இருந்தது. கடைசி வரியில் நிறுத்தப் பார்த்தேன், அவள் விரலை எடுக்கவில்லை, முடிக்கிற வரைக்கும் வைத்திருந்தாள். பிறகு ஒரு பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பந்தலில் அவளை வறுத்தெடுத்திருக்கிறார்கள். அங்க அம்மாவை அனுப்பிப் பள்ளிக்கூடம் நடத்திட்டு இங்க வந்து கோஷம் போடுறியா, வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சியா என்று கேட்டார்களாம். உண்ணாவிரதத்துக்கு வேறு ஆட்கள் பெயர் கொடுத்திருந்தார்கள், இவள் பெயர் அதில் கிடையாது. அன்றைக்கு இரவே இவளாகப் போய், என்னைச் சேர்த்துக்கோங்க என்று உட்கார்ந்துவிட்டாள். நான் பூசிய கரியை அவள் வயிற்றைக் காயப்போட்டுக் கழுவுகிறாள். வாலு பிறந்தபோது ரத்தம் இல்லாமல் கிடந்தவள் அவள், ஏற்றிய ரத்தத்தில் பாதி நீ கொடுத்தது. மருந்துக்கடைக்காரர் விஷயம் கேட்டதும், அந்த உடம்புக்கு இது ஆகாதும்மா, மயக்கம் வந்தா லேசுல எழுப்ப முடியாது என்றார்.

நான் போனேன். வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர்கள் வழி விட்டார்கள், ஆனால் ஒருத்தியும் வாங்கம்மா என்று சொல்லவில்லை. உதடு வெடித்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, பாய் மேல் சாய்ந்து கிடக்கிறாள். என்னைப் பார்த்து, நீங்க போங்க என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ வா போ என்று கூப்பிட்ட பெண், சண்டை போடும்போதுகூட போம்மா என்று சொல்கிறவள். எதிரே வருகிற யாரோ ஒரு அம்மாளிடம் பேசுவது போல மரியாதையாக, நீங்க போங்க என்றாள். வந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் வராத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும், இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருக்கிறார்கள். அது பாடம் நடந்த அமைதி இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது, எழுதியதையே திரும்ப எழுதச் சொன்னேன், சலசலத்தால் தையல் ஸ்கேலால் மேஜையில் ஓங்கித் தட்டினேன். எண்ணெய்க்கடைக்காரர் மகன் ஒருவன் இருக்கிறான், சேர்ந்த புதிதில் வாயே திறக்க மாட்டான். உன் தங்கை பள்ளி விட்ட பிறகும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை, அப்புறம் இரண்டு வார்த்தை என்று கெஞ்சிக் கொஞ்சிப் பேச வைத்திருந்தாள். நான் ஸ்கேலைத் தட்டியதும் அவன் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து வரவில்லை. அவன் அம்மாவைக் கேட்டேன், வீட்டுலயும் பேச மாட்டேங்குறான் பெரியம்மா, பழையபடி ஆயிட்டான் என்றாள். உன் தங்கை எத்தனை காலம் பாடுபட்டுத் திறந்த வாயை நான் ஒரு தட்டில் மூடினேன். அவள் செய்கிற வேலையை நானும் செய்ய முடியும் என்று படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்!

நேற்று அந்த அதிகாரியிடமும் போனேன். வரிசையில் நிற்க விடவில்லை, நேரே உள்ளே அழைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், அதைத் தள்ளி வைத்தேன். என் மகளைக் காப்பாற்றுங்கள் என்றேன். அதுக்கென்ன பாட்டிம்மா, வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பாராட்டு விழா வச்சிருக்கோம், மேடையில் வந்து நாலு வார்த்தை பேசுங்க, போராட்டத்துல உட்கார்ந்தவங்களை வேலையை விட்டு எடுக்கப்போறோம், அந்த லிஸ்ட்ல உங்க பொண்ணு இருக்க மாட்டாங்க, நிரந்தரம்கூடப் பண்ணிடலாம் என்றார். என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். மனசு இருந்தா யார் வேணும்னாலும் சொல்லிக்கொடுக்கலாம்னு சொன்னாப் போதும் என்றார். நான் தலையாட்டிவிட்டேன். என்னைத் திட்டாதே, பெற்றவளிடம் உன் பிள்ளை பிழைக்கும் என்று சொன்னால் தலை தானாக ஆடுகிறது. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, அந்த நாலு வார்த்தையைச் சொன்னால் அவளுக்கு வேலை இருக்கும், அம்மா இருக்க மாட்டாள். பந்தலில் இருக்கிற மற்ற பெண்களுக்கு வேலையும் இருக்காது.

இப்போது கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளை நம் வாசலிலும் பக்கத்து வீட்டு வாசலிலும் தாய்மார் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், பாடம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. விழாவுக்கு நான் போகப்போவதில்லை. விடிந்ததும் பந்தலுக்குப் போகிறேன். மைக் கொடுத்தால் மைக்கில், கொடுக்காவிட்டால் வாசலில் நின்று, எண்ணெய்க்கடைக்காரர் மகன் கதையை எல்லோருக்கும் கேட்கிறபடி சொல்லப்போகிறேன். எனக்கு வரவில்லை, என்னால் முடியவில்லை, இது என் மகளுக்குத் தெரிந்த வேலை, அதற்குக் கூலி கொடு என்று சொல்லப்போகிறேன். பத்திரிகைக்காரர் வந்தால் இதையும் போடட்டும், கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள், மளிகைக்கடைக்காரருக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு ஆயிற்று. சிரிக்கட்டும்.

உன்னிடம் கேட்பது இதுதான். நான் போவதற்கு முன்னால் நீ அவளைக் கூப்பிடு. என் போனை எடுக்க மாட்டாள், மாப்பிள்ளை லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ இருக்கிறார், கவலைப்படாதீங்க அத்தை என்பதைத் தவிர அவருக்கு வேறு வசனம் தெரியாது. உன் குரலுக்கு மட்டும்தான் அவள் அடங்குவாள். போராட்டத்தை விடு என்று சொல்லாதே, அப்படிச் சொன்னால் உன் போனையும் வைத்துவிடுவாள். உட்கார், கூட்டத்தோடு உட்கார், ஆனால் சர்க்கரைத் தண்ணீராவது குடி, உடம்பில் ஓடுவதில் பாதி என்னுடையது என்று சொல். அம்மாவை மன்னித்துவிடு என்றும் சொல்லாதே. அதை நான் கேட்டுக்கொள்கிறேன், அவள் கேட்கிற நிலையில் இருந்தால் போதும்.

வாலு தூங்கிவிட்டது. அம்மா எப்போ வரும் என்று கேட்டுக் கேட்டுத் தூங்கியது, நான் பொய் சொன்னேன். மருமகள் பல் வலியை இழுத்தடிக்க வேண்டாம், பிடுங்கிவிடச் சொல். பேரனை எழுத்துக்காக அடிக்காதே, எவ்வளவு கோணலாக எழுதினாலும் அடிக்காதே. நீ கிடங்கின் குளிர் அறையிலிருந்து வந்ததும் உடனே தண்ணீரில் கை வைக்காதே. நீங்கள் எல்லோரும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், என் மிச்ச ஆயுசில் கொஞ்சம் எடுத்து அவளுக்குக் கொடுக்கிற வழி இருந்தால் இன்றைக்கே கொடுத்திருப்பேன். கடைக்காரர் விளக்கை அணைக்கப்போகிறார், ஓடுகிறேன். முதலில் அவளைக் கூப்பிடு, எனக்குப் பதில் பிறகு எழுதலாம்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும்
அம்மா