பரிசோதனை வாரத்துக் கஞ்சி

பக்கத்து வீட்டில் மோர் மிளகாய் வறுக்கிறார்கள். நெடி மூக்கில் ஏறியதுமே உன் தூக்குச்சட்டி கண்முன் வந்துவிட்டது.

ஆலத்தியூர்ப் பக்கம் நாம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய காலத்தில், நீ பழைய சோற்றுக்கு மோர் மிளகாயும் உப்பு நார்த்தங்காயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்களுக்கெல்லாம் எச்சில் ஊறும். "வேர்வையில போற உப்ப வேற எப்புடிடா எடுக்கறது?" என்பாய். அந்த வெயிலில் அது நியாயமாகத்தான் பட்டது.

வருஷத்துக்கொருமுறை டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வரும். பிரஷர் அதிகமென்று எழுதிவிட்டால் லாரியைத் தொட விடமாட்டார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் நீ வேறு ஆள். உப்பில்லாத கஞ்சி, விடியலில் ஏரிக்கரையில் நடை, டாக்டர் எப்போதோ எழுதித் தந்த மாத்திரை. பீடியும் கிடையாது, பிராந்தியும் கிடையாது. "என்னடா, மாலை போட்டுட்டியா?" என்று கிண்டலடிப்போம். அளவு சரியாக வந்ததும், "பாத்தியா, ஒடம்பு நாம சொன்னாக் கேக்குது" என்று வாசலிலேயே பீடி பற்றவைப்பாய். மிச்ச மாத்திரை அடுத்த வருஷத்துக்கு.

கடைசித் தடவையும் தேறினாய். அந்தக் கோடையிலேயே பாடாலூர் டீக்கடையில் உன் கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தாய், கை வரவில்லை. என்னிடம் ஏதோ சொன்னாய், நாக்குக் குழறியது. திருச்சி போய்ச் சேரும்வரை உன் கண் என் முகத்தைவிட்டு அகலவில்லை. அப்படியொரு பயத்தை உன்னிடம் நான் பார்த்ததே இல்லை மாப்ளே. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நீ திரும்பி வரவில்லை. "இப்பத்தானேண்ணே நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க?" என்று உன் மனைவி என்னைக் கேட்டாள்.

இப்போது எனக்கும் பிரஷர். அடுத்த வாரம் பரிசோதனை. "ஒரு வாரம் கஞ்சி குடிச்சாப் போதும்ண்ணே" என்று கூட ஓட்டுபவர்கள் யோசனை சொல்கிறார்கள். நான் அதைத் தொடங்கி மழைக்காலமே போய்விட்டது என்று அவர்களிடம் சொல்லவில்லை. விரல் லேசாக மரத்தாலும் மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். டீ டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பரிசோதனையில் என்ன எழுதினாலும் எழுதட்டும். மறுநாளும் எனக்குக் கஞ்சிதான், நடைதான், மாத்திரைதான். நீ ஒரு வாரத்தில் இறக்கிவைத்துவிட்ட பயத்தை நான் வருஷம் முழுக்கச் சுமக்கிறேன்.