தவேரஸை யாரும் எடுக்கவில்லை

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஒஹாயோவில் குளிர்தான் இன்னும் விடவில்லை.

விடுதியில் ஆளுக்கொரு கற்பனை பேஸ்பால் அணி வைத்திருக்கிறோம். நாம் தேர்ந்தெடுத்த நிஜ வீரர்கள் அடித்தால் நமக்குப் புள்ளி. முந்துபவருக்கு ஞாயிற்றுக்கிழமை டிவி ரிமோட். அடிக்கடி காயப்படுவதால் யாரும் எடுக்காத, நம் ஊர் அணியில் ஆடும் தவேரஸை நான் எடுத்ததும் அறைத்தோழி மெரடித் சிரித்தாள்.

"டீம் நடத்துறியா, ஆஸ்பத்திரி நடத்துறியாடி?"

"அவரு அடிபட்டதெல்லாம் பந்தைத் துரத்துறப்பதான். இந்த வருஷம் பேட்டிங் மட்டும்தான்டி!"

நேற்று இரண்டு ஹோம் ரன் அடித்தார், அப்பா! நான்தான் முதலிடம்.

"சரி டாக்டரம்மா, இந்தா ரிமோட்டு" என்றாள் மெரடித்.

ஞாயிறன்று நீங்களும் அவர் ஆட்டத்தைப் போடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தலாம். உங்கள் பழைய தொப்பியை அனுப்புங்கள், துவைக்காமல்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள்
யாதிரா