மில் அட்டை தொலைந்த விளம்பரம்

ஜூலை 7, திங்கள்
மாவட்டப் பக்கத்தில் என் செய்தி ஆறு வரி வந்திருக்கிறது. செட்டியார்பட்டி பூங்கதிர் மில்லில் இயந்திரத்தில் சிக்கி, செல்வலட்சுமி என்ற பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது. மில் பெயரோடுதான் அனுப்பினேன். 'ஒரு தனியார் மில்' என்று ஆக்கிவிட்டார்கள். போன வருஷம் எங்கள் பத்திரிகையை வாங்கியவர்தான் அந்த மில்லுக்கும் முதலாளி. தெரிந்தேதான் எழுதினேன். அசட்டுத் தைரியம்.

ஜூலை 8
ஆஸ்பத்திரியில் செல்வலட்சுமியின் அம்மா மாடத்தி பேப்பரை நீட்டினாள். "தனியார்னா யாரு தாயி? இங்கன அம்புட்டு மில்லும் தனியார்தான?"
அந்தப் பெண் தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்கிறதாம் மில். விபத்தன்றே ஆள் வந்து அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். தொழிலாளர் துறை அதிகாரியோ, "மில்லு பேரு பேப்பர்லயாவது வந்திருக்கா? விசாரிக்க ஒரு முகாந்திரம் வேணும்ல" என்றாராம்.

ஜூலை 9
கேபிள் சேனலில் செய்தி வாசிக்கும் ஹபீபுன்னிசாவிடம், மில் பெயரோடு வாசிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "எங்க சேனலையும் போன மாசம் அந்த மில்லுக்காரவியதான் வாங்கிட்டாவ. ஒனக்குத் தெரியாதா?"
தெரியாது. ஊர்ச் செய்தி எழுதுகிறவளுக்கு ஊரில் நடப்பது தெரியவில்லை.

ஜூலை 10
சோறு இறங்கவில்லை.

ஜூலை 11
செய்திகளைத் திருத்தும் பாண்டிதுரை அண்ணன் போன் செய்தார். "விட்ரு கனகு. எனக்கும் ரெண்டு புள்ளைய இருக்கு."
பயமாத்தான் இருக்கு. இந்த வேலை போனா எங்க போய் நிப்பேன்? எல்லா வாசலும் அந்த முதலாளி வாசலா இருக்கே—

ஜூலை 12
ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பத்திரிகையின் விளம்பர ஏஜென்ட் சேக் முகைதீன் பாயைப் பார்த்தேன். வரி விளம்பரத்தை ஆசிரியர் குழு படிப்பதில்லை. பாய் அனுப்பினால் நேரே பக்கத்தில் ஏறிவிடும். மாடத்தி பெயரில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
'செட்டியார்பட்டி பூங்கதிர் மில்லில் வேலை பார்க்கும் என் மகள் செல்வலட்சுமிக்கு, 5ஆம் தேதி மில்லில் விரல்கள் துண்டானபோது, மில் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. கண்டெடுத்தவர்கள் தெரிவிக்கவும்.'
தொலையவில்லை. உண்மையை எழுதினால் வெட்டுகிறார்கள், வேறு என்ன செய்ய?
பாய் இரண்டு தரம் படித்தார். "நீதான் எழுதுனன்னு கண்டுபிடிச்சா?"
"கண்டுபிடிக்கட்டும் பாய்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 14
ஐந்தாம் பக்கம். வாடகை வீட்டுக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவில் வந்துவிட்டது. மில் பெயர் முழுசாக இருக்கிறது. மாடத்தி அதை வெட்டிக்கொண்டு போய்க் கொடுக்க, அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டாராம். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் போன் அடித்தால் யாரென்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ஜூலை 15
காலையில் பாண்டிதுரை அண்ணன். "இனிமே செய்தி அனுப்பாண்டாம்னு சொல்லச் சொல்லுதாவ." ஏழு வருஷம். அழுதேன்.
மத்தியானம் பாய். அவர் பிழைப்பிலும் மண் விழுந்ததோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.
"கனகு, செட்டியார்பட்டியில இருந்து நாலு பேரு வந்து நிக்காவ. ஒருத்தருக்கு மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணுமில்ல. அவிய அட்டையும் தொலைஞ்சு போச்சாம். இனி பேப்பர்ல போட மாட்டாவன்னு சொல்லிட்டேன். அப்பன்னா அதிகாரிக்கே மனு எழுதித் தாங்கன்னு கேக்காவ. எனக்கு அம்புட்டு எழுத வராது. வாரியா?"
வாரேன் என்றேன்.