கை என்று எழுதியதைக் கை என்று வாசிக்காதவர்கள்

இன்று காலை ரசத்துக்கு உள்ளிப்பூண்டு தட்டி எண்ணெயில் போட்டேன். வாசம் எழும்பியதும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு முற்றத்தில் வந்து நின்றுவிட்டேன். நீ அந்த வாசத்தோடுதான் ஒருநாள் எட்டாம் வகுப்புக்குள் வந்தாய். இடது காதில் பஞ்சு. அம்மா உள்ளி போட்டுக் காய்ச்சி விட்ட எண்ணெய் வழிந்து வெள்ளைச் சட்டையின் தோள் மஞ்சளாகியிருந்தது. பின் வரிசை வாங்கில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீ என் பக்கத்தில் இருந்து கொப்பியைத் திறந்தபடி, பெரிய சங்கதி ஒன்றுமில்லாததுபோலச் சொன்னாய்.

"மழை வந்த நேரம் கருவாட்டை அள்ளாமல் விட்டிட்டன். அப்பா அடிச்சவர். இந்தப் பக்கம் இப்ப ஒண்டும் கேக்குதில்லை."

அந்தப் பக்கம் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

உன் அப்பா குடிகாரர் இல்லை. குடித்திருந்தால் ஊர் குடியிலாவது பழியைப் போட்டிருக்கும். எங்கள் ஊர் விடத்தல்தீவில் அவரைப்போல ஒழுங்கான மனுசன் இல்லை என்பார்கள். தவக்காலத்தில் கோயிலில் அவர் பசாம் படிக்கத் தொடங்கினால், யேசுவின் பாடுகளைக் கேட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். உன் அம்மாவும் துடைப்பா. நீ மட்டும் உன் நல்ல காதைக் கையால் பொத்திக்கொண்டு இருப்பாய். பார்க்கிறவர்களுக்கு அது பக்தியாகத் தெரியும்.

இந்த ஊர் உன்னைத் தப்பாக வாசிக்கத் தொடங்கியது அப்போதே என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் வளர்ந்தோம். சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். எனக்கு மன்னாரில் தமிழ் படிப்பிக்கும் வேலை, உனக்குக் கந்தோர் ஒன்றில் எழுதுநர் வேலை. அப்பாவைப் பற்றி நீ பேசுவதையே விட்டிருந்தாய். உன் தம்பியும் மனைவியும் கட்டாருக்குப் போவதென்று முடிவெடுத்து, பள்ளிக்கூடம் தொடங்காத மகளை ஊரில் உன் அப்பா அம்மாவிடம் விடப்போவதாகச் சொன்ன கிழமைதான் எல்லாம் திரும்பி வந்தது. நீ தம்பியிடம் சொல்லிப் பார்த்தாய். "அப்பா இப்ப அடங்கிட்டார் அக்கா, சும்மா பழசைக் கிண்டாதையுங்கோ" என்றான். வாடகை அறையில் தனியாக இருக்கும் உன்னிடம் பிள்ளையைத் தரவும் மாட்டேன் என்றான்.

"வாயால சொன்னால் எங்கட சனம் கேக்காது. அச்சில வந்தால் நம்பும்" என்று அந்தக் கவிதையை எழுதினாய். வாழ்க்கையில் ஒருக்காலும் அப்பாவை நீ என்று கூப்பிட முடியாது, எழுதியாவது கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாய்.

என் இடது காதுக்குள்
இன்னும் உன் கைதான் இருக்கிறது அப்பா.
மழை வந்தால் இரைகிறது.
நீ செத்தாலும்
அதை உன்னோடு புதைக்க விடமாட்டேன்.

இதில் விளங்காத ஒரு சொல் உண்டா? என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தாலும் நேரே பொருள் சொல்லும். ஆனால் கவிதை பத்திரிகையில் வந்ததும் படித்தவர்கள் வந்தார்கள். ஒரு விமர்சகர் உன் காதைச் சண்டையில் செல் குண்டு விழுந்து செவிடான ஓர் இனத்தின் காது என்று எழுதினார். கை என்றால் அதிகாரத்தின் கை. பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமி பிரசங்கத்தில் சொன்னார், கடவுளைத்தான் இவ்வளவு உரிமையோடு நீ என்று கோபிக்க முடியுமாம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் போன் எடுத்து, தன்னைக் கைவிட்ட ஊரைப் பற்றி நீ எழுதியதாக அழுதாள். அவளை நீதான் தேற்றினாய்.

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாய், "கை எண்டு எழுதினால் கை எண்டு வாசிக்க இந்த நாட்டில ஒருத்தரும் இல்லையோ? அடுத்த முறை அப்பாவின்ர அடையாள அட்டை நம்பரையும் சேர்த்து எழுதுறன்."

இருவரும் சிரித்தோம். உன் தம்பியின் பதில் வாட்ஸப்பில் வந்தபிறகு நீ சிரிக்கவில்லை. "சூப்பர் அக்கா. செல்லடி நேரம் ஞாபகம் வந்திட்டுது." பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். உன் அப்பா பத்திரிகையில் வந்த கவிதையை வெட்டி, பிளாஸ்ரிக் உறை போட்டு, திரு இருதயப் படத்துக்குக் கீழே தொங்கவிட்டார்.

போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீ கேட்டது ஒன்றுதான். "நீயாவது எழும்பிச் சொல்லு."

சொன்னேன். ஆண்டுத் திருப்பலி முடிந்து மன்னாரில் உனக்கு நினைவுக்கூட்டம் வைத்தார்கள். உன் அப்பா முன்வரிசைக் கதிரையில், பக்கத்தில் உன் தம்பியின் மகள், இப்போது ஒன்பது வயது. நான் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, மழையில் நனைந்த கருவாட்டில் தொடங்கி, பஞ்சு, எண்ணெய், உன் வாயால் நீ சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். இது அவளின் அப்பாவைப் பற்றிய கவிதை, வேறு யாரைப் பற்றியும் இல்லை என்றேன். குரல் நடுங்கவில்லை. கோபம் இருந்தால் எனக்குக் குரல் நடுங்காது.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை தாங்கியவர் எழுந்து, "ஆசிரியை மிக நுட்பமான ஒரு வாசிப்பைத் தந்தார், எமக்கெல்லாம் உள்ளுக்குள் ஓர் அப்பா இருக்கிறார்" என்று முடித்துவைத்தார். தேத்தண்ணி கொடுத்தார்கள்.

உன் அப்பா என்னிடம் வந்தார். கண் நிறையக் கண்ணீர். "பாவம் பிள்ளை அவள். செல் சத்தத்தில போன காது. அந்த வருத்தத்திலதான் எழுதினவள்." பொய் சொல்கிற ஆளின் முகம் இல்லை அது. படித்தவர்கள் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். அப்போது தேத்தண்ணியில் மொய்க்க வந்த இலையான் ஒன்றைக் கலைக்க அவர் கையை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற பிள்ளை கழுத்தை உள்ளுக்கு இழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அடுத்த நாளே பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று இருக்கிற கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனுசன், இருக்கச் சொல்லிக் கேட்டார். "காயம் ஏதும் கண்டனீங்களோ டீச்சர்?" கழுத்தை இழுத்ததை மட்டும் கண்டதாகச் சொன்னேன். அவர் தயங்கினார். "அவர் அந்தக் கவிதை எழுதின பிள்ளையின்ர அப்பா அல்லோ? எவ்வளவு பாசமா எழுதியிருக்கிறா." எழுதிக்கொண்டார், வந்து பார்ப்போம் என்றார். இன்னும் வரவில்லை. உன் அப்பாவைக் காட்டிக்கொடுக்க நீ எழுதிய கவிதைதான் இன்றைக்கு அவருக்கு நற்சான்று. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நீ எழுதாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது.

பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சாட்டுச் சொல்லி இப்போது சனிக்கிழமைகளில் விடத்தல்தீவுக்குப் போகிறேன். உன் அப்பா வாங்கோ என்று மரியாதையாகக் கதிரை போடுவார். உன் அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவா. போன சனிக்கிழமை அவர் முற்றத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். பிள்ளை வாசிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, சுவரில் தொங்கும் உன் கவிதையைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்.

"டீச்சர், மாமி எழுதினது அப்பப்பாவைத்தானே?"

"ஓம்" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "உங்கட பஸ் எத்தினை மணிக்கு?" என்றாள்.

உன் கவிதையை நீ எழுதியபடியே வாசித்த ஒரே ஆள் இவள்தான். அந்த ஒருத்தியை, கையை மெல்ல விடுவித்து, அதே வீட்டில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன்.